முகம் பார்த்துச் சொல்லும் குரல்

முக்கூடலில் யார் இறந்தாலும் காசிலிங்கம் அண்ணாச்சிதான் ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்வார். எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கியதும் கிளம்பிவிட மாட்டார். துட்டி வீட்டுக்குள் போய் இறந்தவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் மைக்கைத் தொடுவார். ஒருதரம் ஆஸ்பத்திரியில் கிடந்தவரைச் செத்ததாகச் சொல்லிவிட்டார். அவர் வீடு திரும்பி, "நான் எப்பம் வே செத்தேன்?" என்று வாசலில் வந்து நின்றார். அன்று பிடித்த பழக்கம்.

மண்ணெண்ணெய் வந்த சேதி, குடிதண்ணீர் வராத நாள், எல்லாம் அவர் குரலில்தான். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் அவரே.

"அத மட்டும் பாக்காமச் சொல்லுதியளே, அண்ணாச்சி" என்று அகமது மீரான் கேலி செய்வார். மேலப்பாளையத்திலிருந்து சைக்கிளில் கைலி விற்க வருபவர். பதினைந்து வருசச் சிநேகிதம். மத்தியானச் சாப்பாடு அண்ணாச்சி வீட்டில்தான்.

"அது கட்சிக்காரன் பேச்சு வே. வாய் மட்டுந்தான் என்னது."

தொண்ணூற்றாறு தேர்தலுக்கு நாலு நாள் முன்பு, ஒரு வேட்பாளர் மேடையில் பேசியதைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். வெளியூர் வியாபாரிகள் கிணறுகளில் விஷம் கலக்குகிறார்கள், எதிர்க்கட்சியின் சதி, உஷார். அண்ணாச்சி காலையில் ஊரெல்லாம் வாசித்தார்.

மஸ்கட்டிலிருந்து விடுப்பில் வந்திருந்த நான், இரண்டு மொழி படித்தவன், குடத்துத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினேன். எந்தக் கிணறு, யார் பார்த்தது என்று கேட்கத் தோன்றவில்லை.

அன்று மத்தியானம் மீரான் முகம் கழுவ ஊர்க்கிணற்றில் வாளியை இறக்கினார். பத்துப் பேர் சூழ்ந்து அடித்தார்கள். இரண்டு பேர் அவரிடம் வாங்கிய கைலியைத்தான் கட்டியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அண்ணாச்சி, "நான் எழுதலையே, மீரான்" என்றார்.

"கட்சிக்காரன் சொன்னா ஒருத்தனும் நம்பியிருக்க மாட்டான். நீங்கள்லா சொன்னிய."

மறுநாள் அண்ணாச்சி சீட்டில்லாமல் ஆட்டோவை எடுத்தார். "கிணத்துல யாரும் ஒண்ணும் கலக்கல. போய்க் குடிச்சே பாத்துட்டேன். நேத்து நான் சொன்னது பொய்."

டீக்கடையில் சிரித்தார்கள். "இது எந்தக் கட்சி எழுதிக் குடுத்தது, அண்ணாச்சி?"

நான் சிரிக்கவில்லை. வாயும் திறக்கவில்லை.

மீரான் அதன்பின் முக்கூடல் பக்கம் வரவேயில்லை. அடுத்து ஒரு துட்டி விழுந்தது. அண்ணாச்சி வழக்கம்போல முகம் பார்த்துவந்து பேரைச் சொன்னார். தெருவில் நின்று கேட்டவர்கள், நிசந்தானா என்று அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.