இடது கையால் ஆசீர்வாதம்

எங்கள் ஊர் அச்சாபீஸ்களுக்கு ஆடிப் பதினெட்டு அன்றே அடுத்த வருடம் பிறந்துவிடும். அன்றைக்குத்தான் புதுக் காலண்டர் மாதிரிகளை எல்லாம் சேர்த்துத் தைத்த ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். வெளியூர் ஏஜெண்டுகள் வந்து ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போவார்கள். மளிகைக்கடையிலும் நகைக்கடையிலும் அதைப் புரட்டிப் பார்த்து, இந்த லட்சுமி வேண்டும், அந்த முருகன் வேண்டும் என்று ஆர்டர் கொடுப்பார்கள். ஆல்பத்தில் இடம் கிடைக்காத படத்துக்கு அந்த வருடம் வாழ்வில்லை.

நான் அந்தப் படங்களை வரைகிறவன். எட்டாவதோடு படிப்பை விட்டு, பட்டாசுப் பெட்டி லேபிளுக்குப் பூவும் கிளியும் வரைந்து, பிறகு சாமி படத்துக்கு வந்து சேர்ந்தேன். இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. படத்தைக் கொடுத்து ஒரே தடவை காசை வாங்கிக்கொண்டால் அதோடு சரி. அப்புறம் அது எங்கே போனாலும் நமக்குப் பாத்தியதை கிடையாது. நான் வரைந்த பிள்ளையாரை மதுரையில் ஒரு டீக்கடையில் பார்த்தேன். கோயம்புத்தூர் பஸ்ஸில் கண்ணாடிக்கு மேலே பார்த்தேன். யாரோ ஒருவர் காலை வணக்கம் என்று எழுதி என் போனுக்கே அனுப்பிவைத்தார். படத்தின் மூலையில் போடுகிற என் கையெழுத்தை மட்டும் எங்கும் பார்த்ததில்லை. அச்சுக்குப் போகுமுன் அதை அழித்துவிடுவார்கள். கடைக்காரர் பேர் வருகிற இடத்தில் வரைகிறவன் பேருக்கு என்ன வேலை என்பார்கள்.

வருடத்துக்கு ஒரு முறை வருகிற அந்தக் காசு ஒரு வீட்டுக்குப் போதாது. அதனால் என் மனைவி விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தாள். வெடிக்குத் திரி செருகுகிற வேலை. காலையில் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து சாயங்காலம் இறக்கிவிடும்வரை எனக்குக் காது மட்டும்தான் வேலை செய்யும். பிரஷ் கையில் இருக்கும். காது விஸ்வநத்தத்தில் இருக்கும். உள்ளே போனுக்கு அனுமதி கிடையாது என்பதால் கூப்பிட்டுக் கேட்கவும் முடியாது.

"நீங்க பயந்து பயந்தே எனக்கு ஏதாச்சும் ஆக்கிப்புடுவீக" என்று சிரிப்பாள். சிரிப்பு வராமலே நானும் சிரிப்பேன்.

போன வருடம் எனக்கு ஒரு வாய்ப்பு வந்தது. வழக்கமாக நான் படம் கொடுக்கிற அச்சாபீஸ் முதலாளி, அதற்கு முந்தின வருடம் என்னைக் கூப்பிடவேயில்லை. கம்ப்யூட்டரிலேயே படம் உண்டாக்கிக்கொண்டார். பிறகு அவரே ஆள் விட்டு வரச்சொன்னார்.

"எழுதிக் கேட்டா படம் வந்துருதுப்பா. நல்லாத்தான் இருக்கு. ஆனா சரஸ்வதிக்கு ஒரு கையில ஆறு விரலு. பள்ளிக்கூடத்துக்காரரு ஒருத்தரு எண்ணிப் பாத்துட்டாரு. அம்புட்டும் திரும்பி வந்துருச்சு. நீயே ஒரு கஜலட்சுமி போட்டுக் குடு."

எங்கிருந்து வந்ததோ தைரியம். "அண்ணாச்சி, எனக்கு மொத்தமா வேண்டாம். ஆர்டர் புடிக்கிற காலண்டருக்கு இம்புட்டுன்னு போட்டுக் குடுங்க. படம் என்னோடதா இருக்கட்டும்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "ஏலே, சினிமாப் பாட்டு எழுதுறவன் மாதிரில்ல பேசுற. சரி, ஒரு படத்துக்குப் பாப்போம். ஆர்டர் வரலேன்னா ஒத்தப் பைசா கிடையாது. அப்புறம் வந்து மூக்கச் சிந்தக் கூடாது."

வீட்டில் சொன்னபோது மனைவி நம்பவில்லை. "நெசமாவா? வாயத் தொறந்து கேட்டீகளா?" என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "இது ஓடிருச்சுன்னா நான் நின்னுக்கிடுதேன். ஓடலேன்னா வேனுதான்" என்றாள். பேச்சு அவ்வளவுதான். அந்த லட்சுமியை நான் அவ்வளவு பயந்து வரைந்தேன். கடைக்காரர்கள் நிற்கிற லட்சுமியை வாங்க மாட்டார்கள், செல்வம் எழுந்து போய்விடுமாம். அதனால் தாமரையில் நன்றாக அழுத்தி உட்காரவைத்தேன். வலது கையில் ஆசி, இடது கையிலிருந்து காசு கொட்டுகிறது, இரண்டு பக்கமும் யானை. முகத்தை மட்டும் ஒரு பக்கமாக லேசாகத் திருப்பினேன். நேராகப் பார்க்கிற முகத்தில் உயிர் வராது என்பது என் எண்ணம்.

பூஜை அன்று போனபோது சாம்பிராணிப் புகையும் மையின் வாசமும் ஒன்றாக அடித்தன. ஏஜெண்டுகள் பாயில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தார்கள். நான் சுவரோரமாக நின்று ஒரு ஆல்பத்தைப் புரட்டினேன். என் லட்சுமி வந்தாள். பளபளவென்று இருந்தாள். ஆனாலும் வேறு யாரோ வரைந்த மாதிரி இருந்தது. முதலில் கண்ணில் பட்டது முந்தானை. வலது தோளில் கிடந்தது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் அப்படிப் போட மாட்டாள். அப்புறம்தான் கையைப் பார்த்தேன். இடது கையால் ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தாள்.

படத்தை அப்படியே இடவலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

டிசைன் போடுகிற பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் வெளுத்துப்போனது. "அண்ணே, கடைப் பேரு இடது பக்கம் வர்ற மாடலு. லட்சுமி கடைப் பேரப் பாக்கணும்னு ஏஜெண்டுக எல்லாரும் கேப்பாக. அதான் திருப்புனேன். கைய யோசிக்கல. முதலாளிகிட்டச் சொல்லிராதீக."

என் கையெழுத்து இருந்திருந்தால் எழுத்து கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரிந்து, அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். அதை அழித்தவளும் அவள்தான். அவளைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. எல்லா அச்சாபீசிலும் இதைத்தான் செய்கிறார்கள்.

சொன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவார்கள். ஆர்டர் இல்லை, பைசா இல்லை, வேன் நாளைக்கும் வரும். சொல்லாமல் விட்டால் அச்சாகி, ஊர் ஊராகப் போய், ஏதாவது ஒரு கடையில் ஒரு பாட்டி கையைக் காட்டிக் கேட்பாள். அத்தனையும் திரும்பி வரும். அப்போது வரைந்தவன் தலையில்தான் விடியும். விருதுநகர் ஏஜெண்ட் ஒருவர், வத்தல் மண்டி, பருப்பு மண்டி எல்லாம் அவர் கையில், சுண்டலை முடித்துவிட்டு ஆல்பத்தை எடுத்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்ப ஆரம்பித்தார். அவர் விரலை நக்கி நக்கித் திருப்பத் திருப்ப என் லட்சுமியின் பக்கம் நெருங்கிக்கொண்டிருந்தது. முதலாளியிடம் போய்க் காதில் சொல்லிவிட்டேன்.

"நீ மாத்தி வரஞ்சுபோட்டு எங்க மேல போடுறியாலே?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"அசலு வீட்ல இருக்கு அண்ணாச்சி. கொண்டாரேன், நீங்களே பாருங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். படத்தைப் போர்வையில் சுற்றி முன்னால் வைத்துத் திரும்பி வரும்போது தெற்கே டமாரென்று ஒரு சத்தம். சாலையில் போன அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். கீரை விற்கிறவர் கட்டைப் பிடித்த கையோடு நின்றார். தீயணைப்பு வண்டியின் சங்குச் சத்தம் வருகிறதா என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவில்லை. "புதுச் சரக்க வெடிச்சுப் பாக்கான் போல" என்று யாரோ சொன்னதும் வண்டிகள் நகர்ந்தன. நான் மட்டும் வண்டியைக் கிளப்பவில்லை. போர்வையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அச்சாபீசில் அசலையும் ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் முதலாளிக்கு விளங்கிவிட்டது. அதற்குள் விஷயம் பாயில் இருந்தவர்களுக்கும் போயிருந்தது. ஏஜெண்டுகள் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள்.

"நல்லவேளை அண்ணாச்சி. இதக் கொண்டு போயிருந்தா லட்சுமி எனக்கே இடது கையக் காட்டிருப்பா" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, அந்தப் பெண்ணும் சிரிக்கவில்லை. அவள் மிஷின் பக்கம் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சரியான படத்தை அச்சடித்து மேலே ஒட்டிக் கொடுக்க ஒரு நாளாவது ஆகும் என்றார் முதலாளி. விருதுநகர்க்காரர் பொறுக்கவில்லை. "ஒட்டுறதெல்லாம் பெறகு பாத்துக்கிடுங்க. எனக்கு மத்தியானமே மண்டியில ஆளு காத்திருக்கு. பெரிய ஆர்டரு. இந்த அசலப் போன்ல ஒரு போட்டோ புடிச்சுக்கிடுதேன், அது போதும்" என்று போனை எடுத்தார். இன்னும் இரண்டு பேர் எடுத்தார்கள்.

ஒரு போட்டோ போதும். சாயங்காலத்துக்குள் அது நாலு குரூப்பில் சுற்றும். மறுநாள் காலையில் ஏதாவது ஒரு சந்தில் ஒரு சின்ன அச்சாபீஸ் என் லட்சுமியை என்னைக் கேட்காமல் ஓட்டிக்கொண்டிருக்கும். அப்புறம் எந்த ஆர்டருக்கு யாரிடம் போய்ப் பங்கு கேட்பது? போட்டோ கொடுக்காவிட்டாலோ பெரிய ஆர்டர் இப்போதே எழுந்து போய்விடும்.

முதலாளி என்னைப் பார்த்தார். "என்னப்பா, படம் ஒன்னோடதுன்னு வாங்கிக்கிட்ட. நீயே சொல்லு."

இத்தனை வருடத்தில் என் படத்தைப் பற்றி என்னிடம் யாரும் எதுவும் கேட்டதில்லை. கேட்கமாட்டார்களா என்று ஏங்கியிருக்கிறேன். கேட்டபோது ஓடிப்போகலாம் போலிருந்தது.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றேன். போர்வையை எடுத்துப் படத்தின் மேல் போட்டேன்.

விருதுநகர்க்காரர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஏ அப்பா! லட்சுமிக்கு யானை ரெண்டு பத்தாதுன்னு காவக்காரன் வேறயா" என்றார். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சாப்பிட்டுப் போங்க என்று முதலாளி சொன்னதையும் கேட்காமல் படியிறங்கினார்.

"கையில விழுந்தத விட்டுட்டியேலே" என்றார் முதலாளி. அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பெண்ணை மட்டும் கூப்பிட்டு, ஒட்டுகிற தாளுக்கு வேலையை ஆரம்பிக்கச் சொன்னார்.

வீட்டில் நடந்ததைச் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் கைவிரல்களில் அலுமினியப் பொடியின் பூச்சு சோப்புப் போட்டும் போகாமல் இருந்தது. அதைத் தேய்த்துக்கொண்டே, "போட்டோ குடுத்திருந்தா இன்னிக்கு ஒரு ஆர்டரு. நாளைக்கு?" என்றாள். பிறகு, "சரி, பெரிய சீசனு முழுக்கப் போயிட்டு வாரேன். என்ன இப்ப" என்றாள்.

தீபாவளி முடிந்தும் அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைக்காலத்தில் பொடி வேலைக்கு ஆபத்து கூடுமா குறையுமா என்று தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்டுத் தொந்தரவு செய்தேன். ஒட்டிய தாளோடு போன ஆல்பங்களுக்குச் சேலத்திலிருந்தும் தேனியிலிருந்தும் ஆர்டர் வந்தது. விருதுநகரிலிருந்து வரவேயில்லை. அவர் வேறு அச்சாபீசில் வேறு லட்சுமியைப் பிடித்துக்கொண்டார் என்று கேள்வி. காலண்டர் லோடெல்லாம் போய் முடிந்த பிறகு முதலாளி கூப்பிட்டு என் பங்கைக் கொடுத்தார். மொத்தமாக வாங்கியிருந்தால் வந்திருக்கக்கூடியதைவிடக் கூடுதல்தான். பெரிய கூடுதல் இல்லை. "படம் கடைக்காரங்க மனசுல நின்னுருச்சு. அடுத்த வருசமும் இதே ஓடும், அதுக்கும் ஒனக்கு உண்டு. இன்னும் ரெண்டு போட்டுக் குடு, இதே பேச்சுத்தான்" என்றார். ஒரே படத்துக்கு இரண்டாவது வருடமும் காசு வரும் என்று என் வாழ்நாளில் நான் கேட்டதேயில்லை.

மனைவி போர்மேனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். மறுநாள் வேன் எங்கள் தெருமுனையில் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போனது. அவள் வாசலுக்குக்கூட வரவில்லை.

காதுக்கு வேலையில்லாத முதல் நாள். நிம்மதியாக வரையலாம் என்று தாளை மாட்டினேன். மத்தியானம்வரை ஒரு கோடு விழவில்லை. இனிமேல் வீட்டுக்குள் வருவதெல்லாம் இந்தக் கையிலிருந்துதான் வர வேண்டும். அடுத்த முருகன் ஓடவில்லையென்றால்? கையே ஒருநாள் நடுங்க ஆரம்பித்துவிட்டால்? பென்சிலைச் சீவினேன். திரும்பவும் சீவினேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

"என்ன, முருகன் இன்னும் மலைய விட்டே எறங்கலையா?"

"பயமா இருக்கு பிள்ள."

"இருக்கட்டும். இத்தன நாளு எனக்காகப் பயந்துக்கிட்டேதான வரஞ்சீக" என்றாள் அவள். "வரைங்க."