உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை

குடியேற்ற மனு எழுதுகிறவனுக்கு வேலை ஒன்றே ஒன்றுதான்: இந்த ஆள் வராவிட்டால் சிங்கப்பூரே ஸ்தம்பித்துவிடும் என்று, அந்த ஆளின் முகத்தைக்கூடப் பார்த்திராத அதிகாரியை நம்பவைப்பது. சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், காசிம் பாயின் டைப்பிங் கடையில், பதினைந்து வருஷம் இதைச் செய்தேன். நன்றாகவே செய்தேன். இதில் அடக்கம் காட்ட ஒன்றுமில்லை. கவுண்டரில் கால் கடுக்க நின்று, "அடுத்த வாரம் வா" என்று கேட்டுத் திரும்பிய உங்களுக்கெல்லாம் என் அருமை புரியும்.

ஒரே ஒரு குறை. நானும் ஊரிலிருந்து வந்தவன்தான், குடியுரிமை வாங்கவில்லை. எத்தனை நாள் இங்கே இருக்கலாம் என்பதை வேறு யாரோதான் முடிவு செய்ய வேண்டும்.

ஆறு வருஷப் பிரிவு

துறைமுகத்தில் மூட்டை இறக்கும் ரத்தினம், மனைவியை அழைத்துக்கொள்ள மனு எழுத வந்தார். ஐந்து வருஷத்துக்கு மேல் புருஷனைப் பிரிந்திருந்த மனைவி உள்ளே வரக் கூடாது என்று அப்போதுதான் சட்டம் போட்டிருந்தார்கள். இவர் ஊருக்குப் போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது. எட்டுப் பேர் படுக்கும் அறையில் மனைவியை எங்கே வைப்பது என்று காத்திருந்தவருக்கு அப்போதுதான் ஒற்றை அறை வீடு கிடைத்திருந்தது. வீடு இல்லாதபோது திறந்திருந்த கதவு, வீடு கிடைத்ததும் சாத்திக்கொண்டது. இதை என்ன நியாயம் என்று சொல்வது?

நான் விடவில்லை. மனைவியின் நினைவில் இவர் சோறு தண்ணி இறங்காமல் தவிப்பதாகவும், இப்படியே போனால் துறைமுகத்து வேலையே கெடும் என்றும் எழுதினேன். மூன்றாவது மனுவுக்கு அனுமதி வந்தது. அந்த அம்மாள் கப்பலிலிருந்து இறங்கிய வாரமே கடைக்கு வந்து, மனுவின் நகலைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "இதுல பாதிய எனக்கு எழுதியிருந்தாருன்னா, அண்ணே, நான் நீந்தியே வந்திருப்பேன்."

பரோட்டா நிபுணர்

சாப்பாட்டுக் கடை முதலாளி ஒருவருக்குத் தன் மைத்துனனைப் பரோட்டா போட அழைத்துவர ஆசை. உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டினால்தான் அனுமதி. அதற்குப் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும். அந்த விளம்பரத்தை நான்தான் எழுதினேன். விடியற்காலை மூன்று மணிக்கு மாவு பிசைய வேண்டும், வீச்சுப் பரோட்டா, முட்டைப் பரோட்டா, கொத்துப் பரோட்டா மூன்றிலும் பத்து வருஷ அனுபவம் வேண்டும். மைத்துனனுக்கே அவ்வளவு தெரியாது.

இருந்தும் ஓர் ஆள் வந்துவிட்டார். இங்கேயே பிறந்தவர், ஜூரோங்கிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். அவர் வீசிய பரோட்டாவைப் பார்த்து முதலாளிக்கு முகம் வெளுத்தது. அனுபவச் சான்றிதழ் இல்லை என்று நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அன்றைக்கு அதை என் கெட்டிக்காரத்தனம் என்றுதான் நினைத்தேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஆளே வரலன்னுதானே எழுதப் போறீங்க? எழுதுங்க லா. நான் வந்தது உங்களுக்கும் எனக்கும் தெரியும்."

அடுத்த வாரம்

குடியுரிமைக்குப் பதிவு செய்யலாம் என்று அறிவித்தபோது, எங்கள் சந்து முழுவதற்கும் படிவம் நிரப்பியது நான்தான். என்னுடையதை மட்டும் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தேன். நேரமில்லை என்று சொல்லிக்கொண்டேன், அது பொய். இன்னொரு நாட்டுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். மனைவியும் மகளும் அந்த நாட்டில் இருந்தார்கள். மனைவிக்குக் கடல் தாண்ட இஷ்டமில்லை. எனக்கோ இந்த ஊரை விட மனமில்லை. படிவத்தை நிரப்பக் கை வரவில்லை. காசிம் பாய் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்: "அடுத்த வாரம், அடுத்த வாரம்ங்கறியே தம்பி, அந்த ஆபீஸ் என்ன உன் மாமியா வூடா, நீ எப்பப் போனாலும் கதவத் தொறந்து வைக்க?"

என் முறை

மலேசியாவிலிருந்து பிரிந்து நாடு தனியானது. குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை பார்க்கப் பெர்மிட் வாங்க வேண்டும் என்றார்கள். வேலையில்லாத உள்ளூர்க்காரனுக்குத்தான் முதல் இடம். ஒருநாள் பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லி எனக்கும் தாள் வந்தது. நான் கலங்கவில்லை. எனக்கான விளம்பரத்தை நானே எழுதினேன்: ஆங்கிலம், தமிழ், மலாய் மூன்றிலும் டைப் அடிக்க வேண்டும், மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் படிக்கத் தெரிய வேண்டும். இப்படி ஓர் ஆள் என்னைத் தவிர யார்?

மூன்றாம் நாள் தோ பாயோவிலிருந்து சரோஜா என்ற பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது, இங்கே பிறந்தவள். பிரிட்டிஷ் பட்டாளம் மூட்டை கட்டுவதால், முகாமில் வேலை பார்த்த அப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். அவள் சம்பளத்தை நம்பி ஐந்து பேர். மலாய்க்காரர்கள் குடியிருந்த கம்பத்துக் கிராமத்தில் வளர்ந்ததால் ஜாவியும் படித்தாள். பாய் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினால் போதும், ஏதாவது சாக்குச் சொல்லி அனுப்பிவிடுவார். எனக்குக் கோபம் வந்தது. அவள் மேல் கோபப்பட ஒரு காரணமும் கிடைக்காததால் கோபம் இன்னும் கூடியது.

எங்கேயாவது தடுமாறுவாள் என்று என் பெர்மிட் விண்ணப்பத்தையே அடிக்கக் கொடுத்தேன். மளமளவென்று அடித்துக்கொண்டே போனவள் கடைசிப் பத்தியில் நிறுத்தினாள். நிமிர்ந்து, மரியாதையாகத்தான் கேட்டாள்: "அண்ணே, 'இந்த வேலைக்கு உள்ளூர்ல ஆள் கிடைக்கல'ன்னு இருக்கு. நான் இங்கதானே உக்காந்திருக்கேன், இதை எப்படி அடிக்க?"

அந்த வரியை அடிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த மாதம் ஊருக்குக் கப்பல் ஏறினேன். சரோஜா என்னைவிட நன்றாக மனு எழுதுவதாகப் பாய் போட்ட கடிதத்தை அடித்ததும் அவள்தான், நானும் நாலு தடவை படித்துப் பார்த்துவிட்டேன், ஒரு பிழைகூட அகப்படவில்லை.