மருந்துன்னா ஒரு வாய் குடிங்கப்பா

அவரைப் பிஞ்சத் தொட்டா வெரலு பிசுபிசுன்னு ஒட்டும். எள்ளத் தூவுனாப்பல அசுவினிப் பேனு; தண்டு, பூவு, கொழுந்துன்னு ஒரு எடம் பாக்கியில்லீங்க. எங்கூட்டுக்கு "ஒறம்பரை" வந்தாக்கூட ரெண்டு நாள்ல கெளம்பிருவாங்க. இதுக குடும்பத்தோட வந்து, புள்ளை குட்டி பெத்து, நெலையா உக்காந்துபோட்டுதுக.

அப்ப எனக்கு ஒம்பது வயசுங்க. ஊட்டுக்குப் பின்னால, குளிக்கற தண்ணி ஓடற எடத்துல, நானே வெதை ஊனி, நானே பந்தல் கட்டுன கொடி அது. பள்ளிக்கோடத்துல எனக்கு ஒண்ணும் மொளைக்கல, இதாச்சும் மொளைச்சுதேன்னு நெம்பப் பெருமை.

எங்கப்பா பருத்திக்கு அடிக்கற "மருந்து" டப்பாவத் தூக்கிட்டு வந்தாரு. மூடியத் தொறந்ததும் மூக்கு எரியுது.

"அக்கட்ட நவுரு அம்மணி. மருந்தடிக்கோணும். இல்லீன்னா கொடியப் புடுங்கி எறிஞ்சுபோடுவேன்."

எனக்குத் தெரிஞ்ச மருந்து, காச்சலுக்குக் குடிக்கறதுதானுங்க. கொடிக்கு முன்னால கைய விரிச்சு நின்னுட்டேன்.

"மருந்துன்னா நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்கப்பா. பொறவு அடிங்க."

அடுப்படியில இருந்து எங்கம்மா, "கேக்கறாள்லங்க, குடிங்க"ன்னு சிரிச்சாங்க. அப்பா ரெண்டு பேரையும் மொறைச்சாரு.

"வார சந்தைநாள் வரைக்கும் பாப்பேன். அப்பவும் ஒரு பேனு கண்ணுல பட்டுது, கொடி இருக்காது."

அடுப்புச் சாம்பலச் சலிச்சு, தெனமும் பனி காயறதுக்குள்ள தூவுனேன். ஏனம் வெளக்கச் சாம்பல் இல்லீன்னு அம்மா வெஞ்சாங்க, கேக்கல. சந்தைநாள் காலையில அப்பா எலை எலையாத் திருப்பிப் பாத்துட்டே வந்தாரு. கடைசிக் கொழுந்துல நாலு பேனு நெளிஞ்சுட்டிருந்துது. அவரு கிட்ட வாரதுக்குள்ள கொழுந்தோட கிள்ளி வாயில போட்டு மென்னுபோட்டேன்.

"என்ன புள்ள திங்கற?"

"மருந்துங்கப்பா."

கொடி தப்பிச்சுதுங்க.

இப்ப சோமனூர்ல மவன் ஊட்டு மொட்டைமாடியில அவரை போட்டிருக்கறேன். பேனு வந்துருச்சு, ஆனா கேஸ் அடுப்புல சாம்பலுக்கு எங்க போறது? கரிப்பெட்டி வெச்சிருக்கற இஸ்திரிக் கடையில கேட்டு வாங்கிட்டு வாரேன். "எதுக்கும்மா இந்தக் கஷ்டம்"னு மவன் நேத்து ஒரு மருந்து டப்பாவோட மாடியேறுனான்.

"எங்கப்பா, உங்கப்பிச்சிதான் அன்னைக்கிக் குடிக்கல. நீயாச்சும் ஒரு வாய் குடிச்சுக் காட்டு சாமி"ன்னேன்.

டப்பா மூடி இன்னும் தொறக்கலீங்க.