கியர்பாக்ஸ் கொதிக்குது, கொஞ்சம் பொறுங்க

ரோட்டில் நின்றுபோன வண்டியைத் தூக்கிக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் சேர்ப்பது என் தொழில். அந்தத் தொழிலில் நடக்கவே கூடாத ஒன்று உண்டென்றால், தூக்கப் போன வண்டியே நடுரோட்டில் நின்றுபோவதுதான். எனக்கு அது ஒரே வருஷத்தில் நான்கு தடவை நடந்தது.

பதினாறு வருஷம் திருவண்ணாமலையில் கிளட்ச் வண்டிதான் ஓட்டினேன். பஸ் ஸ்டாண்டு நெரிசலில் மிதித்து மிதித்து இடது முட்டி தேய்ந்துபோனது. இன்னும் மிதித்தால் மாடிப்படி ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் பழைய ஆட்டோமேட்டிக் கியர் பிக்கப் ஒன்றை வாங்கி, பின்னால் இரும்புக் கை பொருத்தினேன். நின்றுபோன வண்டியின் முன்சக்கரங்களை அந்தக் கை தூக்கிப் பிடித்துக்கொள்ளும், பின்சக்கரங்கள் உருண்டு வரும். கொக்கி மாட்டுவது, சங்கிலி கட்டுவதெல்லாம் ஏழுமலை. என்னைவிட ஐந்து வயது பெரியவர், பழைய லாரி டிரைவர். கிளட்ச் இல்லாத வண்டியை அவர் வண்டியாகவே மதிப்பதில்லை.

ஆட்டோமேட்டிக்கில் பாரம் இழுக்கிற சக பாவிகளுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கிளட்ச் செய்கிற வேலையை இதில் எண்ணெய் செய்கிறது. பாரம் ஜாஸ்தியாகி வேகம் கம்மியானால், அந்த எண்ணெய் உள்ளேயே சுழன்று சுழன்று கொதிக்க ஆரம்பிக்கும். மீட்டர் பக்கத்தில் சிவப்பு விளக்கு எரியும். அப்போது ஓரம்கட்டி, நியூட்ரலில் போட்டு, இன்ஜினை ஓடவிட்டே ஆறவைக்க வேண்டும். இதை நான் ரோட்டில் எத்தனை பேருக்கு விளக்கியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒருத்தர்கூட நம்பியதில்லை.

காலி வண்டி

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். மினி லாரியில் ஆக்சில் உடைந்துவிட்டது என்றார். லோடு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல பாய், காலி வண்டிதான்" என்றார். போய்ப் பார்த்தால் வேர்க்கடலை மூட்டை முகட்டைத் தொடுகிறது. கேட்டால், "கடலைதானே, காத்து மாதிரி இருக்கும்" என்கிறார். மூட்டையை இறக்கச் சொன்னேன். மார்க்கெட்டுக்கு நேரமாகிறது, இறக்க ஆளில்லை, ஏற்ற ஆளில்லை என்று அவர் புலம்பிய புலம்பலில் நான் இளகிவிட்டேன். தப்பு என்னுடையதுதான்.

ஐந்து கிலோமீட்டர் தாண்டவில்லை. அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி ஒரு வாடை. கூடவே சிவப்பு விளக்கு. முதல் தடவை என்பதால் எனக்குக் கையே ஓடவில்லை. புளியமரத்தடியில் ஓரம்கட்டினேன். கடலைக்காரர் இறங்கி வந்து, என் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஜுரம்னா ஒரு மாத்திரய போட்டுக்கினு வேலைக்குப் போறதில்ல? இதுக்குப் போயி யாராவது படுத்துக்குவாங்களா?"

ஒன்று இரண்டானது

பௌர்ணமி அன்று காலையிலேயே கிரிவலப் பாதையில் கூட்டம் சேர ஆரம்பித்துவிடும். அடி அண்ணாமலை பக்கத்தில் ஒரு கார் குறுக்கே நின்றுவிட்டது, உடனே எடுக்க வேண்டும் என்று போலீஸ்காரர் ஒருவர் கூப்பிட்டார். கொக்கி மாட்டிக் கிளம்பியது வரைக்கும் நல்லாத்தான் போனது. அப்புறம் எனக்கு முன்னால் இரண்டு பஜனைக் குழு, ஒரு கரும்பு ஜூஸ் வண்டி. மனுஷன் நடக்கிற வேகத்தில் முக்கால் மணி நேரம் ஊர்ந்தேன். கியர்பாக்ஸுக்கு இதைவிடக் கொடுமை வேறில்லை. விளக்கு எரிந்தது, நிறுத்தினேன்.

ஒரு நிமிஷத்தில் நாற்பது பேர் நாற்பது யோசனை. "இன்ஜினை ஆஃப் பண்ணு." "பானெட்டைத் திற." ஒரு அம்மா கடையிலிருந்து குடத்தோடு தண்ணீர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். இது ரேடியேட்டர் சூடு இல்லை, கியர் எண்ணெய்ச் சூடு, மேலே தண்ணீர் ஊற்றக் கூடாது என்று கும்பிட்டுச் சொன்னேன். "சாமிக்கே அபிஷேகம் பண்றோம், ஒன் வண்டிக்குத் தண்ணி ஆவாதா?" என்று கோபித்துக்கொண்டு குடத்தோடு போனார். அதற்குள் போலீஸ்காரர் வந்துவிட்டார். முன்னால் என் வண்டி, பின்னால் அந்தக் கார், இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "நிக்கற வண்டிய எடுக்கச் சொன்னா, ஒண்ண ரெண்டாக்கி வச்சிருக்கியே பாய்!"

கோபப்படாத ஒரே கஸ்டமர்

செங்கம் ரோட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாவின் காரை இழுத்துக்கொண்டு போகும்போது மூன்றாவது தடவை. வெயில் மண்டையைப் பிளக்கிறது. நானும் ஏழுமலையும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தோம். பாரத்தைப் பார்க்காமல் ஒப்புக்கொண்டேன் என்று அவர், கொக்கியைக் கோணலாக மாட்டினார் என்று நான். அந்த அம்மா வேப்பமர நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அரைமணி நேரம் அசையவில்லை. திட்டு வாங்கியே பழகிய எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. போய், ஸாரி என்று சொன்னேன். கண்ணைத் திறந்து, பாடம் ஒப்பிப்பது மாதிரி ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழில் சொன்னார்: "வண்டி மட்டும் சூடு போதும். நீங்க ரெண்டு பேர் வேண்டாம்."

ஐஸ் பெட்டி

நான்காவது தடவை மட்டும் சிரித்துக்கொண்டு சொல்கிற கதை இல்லை.

போளூர் தாண்டி ஜவ்வாது மலை ஏறும் ரோட்டில் ஒரு வேன் நின்றுவிட்டது. மலைமேல் ஒரு கிராமத்துக்குக் குழந்தைகளின் தடுப்பூசி கொண்டுபோகிற வேன். அதில் டிரைவரும் வளர்மதி என்ற நர்ஸும் இருந்தார்கள். நர்ஸ் மடியில் நீலப் பெட்டி. உள்ளே ஐஸ், ஐஸுக்கு நடுவில் மருந்து. "மத்தியானம் வரைக்கும்தான் ஐஸ் தாங்கும். மேல தாய்மாருங்க காலைலருந்து புள்ளைங்கள வச்சிக்கினு காத்துக்கினு இருக்காங்க" என்றார். அப்போதே மணி பத்தரை.

வேனோடு சேர்த்து மேலே இழுத்துவிடலாம் என்று கிளம்பினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் விளக்கு எரிந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. ஓரம்கட்டினேன். நர்ஸ் வாட்சைப் பார்க்கிறார். நான் விளக்கைப் பார்க்கிறேன். கால்மணி நேரம் போச்சு. விளக்கு அணைந்து, கிளம்பி, அடுத்த வளைவிலேயே மறுபடி எரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இரண்டு வாரமாகவே வண்டி கியர் மாறும்போது குலுக்கிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டவன் நான்தான். அதற்கு மலைமேல் காத்திருக்கிற குழந்தைகள் என்ன பாவம் செய்தார்கள்?

ஏழுமலைதான் சொன்னார், "வேன கழட்டி வுட்ரு பாய். நானும் டிரைவரும் இங்கியே இருக்கறோம். நீ அந்த அம்மாவ ஏத்திக்கினு போ." இத்தனை வருஷத்தில் கொக்கியில் மாட்டிய வண்டியைப் பாதி வழியில் விட்டுவிட்டுப் போனதில்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன். பிறகு வேனின் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்துக் கழற்றினோம். நியூட்ரலில் இன்ஜினை ஓடவிட்டுப் பத்து நிமிஷம் ஆறவைத்தேன். நர்ஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார, சின்னக் கியரிலேயே, எண்ணெயை அதட்டாமல், மெல்ல மெல்ல ஏறினேன். பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தோம். நர்ஸ் பெட்டியைத் திறந்து உள்ளே தொட்டுப் பார்த்தார். ஐஸ் இன்னும் இருந்தது. நான் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். எங்கே வேன் என்று கேட்ட பெண்களிடம் அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "வண்டியத் தூக்க வந்தவரு, அத்த வுட்டுட்டு என்னியத் தூக்கினு வந்துட்டாரு."

நானே கஸ்டமர்

இறங்கி வந்து வேன் பக்கத்தில் நிறுத்தியவனால் மறுபடி கிளம்ப முடியவில்லை. எந்தக் கியர் போட்டாலும் நியூட்ரல் மாதிரியே இருந்தது. வேறு வழியில்லாமல், தொழிலில் எனக்குப் போட்டியான மோகனைக் கூப்பிட்டேன். கிளட்ச் வண்டிக்காரன். முதலில் வேனைக் கீழே சேர்த்துவிட்டு, அப்புறம் எனக்காக வந்தான். ஆட்டோமேட்டிக் வண்டியை இழுக்கும்போது இன்ஜின் சுழற்றுகிற சக்கரம், என் வண்டியில் பின்சக்கரம், தரையில் உருளக் கூடாது. அதனால், பின்பக்கத்தைத் தூக்கு, மெதுவாகப் போ, வளைவில் பார்த்து, சங்கிலி பெயிண்டைச் சுரண்டுகிறது என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தேன். மோகன் போளூர் வரைக்கும் பொறுத்தான். அங்கே டீக்கடையில் நிறுத்தி, திரும்பிப் பார்த்தான். "பாய், கஸ்டமர் மாதிரி பேசாத."

ஆயுசு

வேட்டவலம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கும் தாஸ் கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்தார். சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் தார் மாதிரி இறங்கியது. உள்ளே கியரைப் பிடிக்கும் தட்டுகள் கருகியிருந்தன. கியர்பாக்ஸையே மாற்ற வேண்டியிருக்கலாம், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும் என்றார். பழையபடி கிளட்ச்சுக்குப் போக வேண்டியதுதானா என்று நினைத்தவுடனே எனக்கு முட்டி வலித்தது. நல்லவேளை, தட்டுகளை மாற்றியதோடு போயிற்று. ரேடியேட்டருக்கு முன்னால் எண்ணெய்க்கென்று தனியாக ஒரு கூலரும், சூட்டைக் காட்ட ஒரு மீட்டரும் பொருத்தினார். மூன்று வாரம் ஆனது.

இதுவரை எண்ணெயை எத்தனை தடவை மாற்றினாய் என்று கேட்டார். மாற்றவே இல்லை, ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று வண்டியை விற்றவர் சொன்னார் என்றேன். தாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "யாரு ஆயுசுன்னு கேட்டியா?"

இப்போது மூட்டையோடு வண்டி இழுப்பதில்லை, எண்ணெயை நேரத்துக்கு மாற்றுகிறேன், மலை ரோட்டில் மீட்டரைப் பார்த்துத்தான் ஏறுகிறேன். இத்தனையும் மீறிச் சூடானாலும் கியர்பாக்ஸ் ஐந்து நிமிஷத்தில் ஆறிவிடுகிறது, மனுஷர்கள் ஆறுவதற்குத்தான் இன்னும் யாரும் கூலர் விற்கவில்லை.