வெந்நீர் படாத சீந்தில்

அந்த அலுவலகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாருமில்லை. பசையம்மா என்றால்தான் தெரியும். காடு மேடெல்லாம் அலைந்து கொண்டுவரும் செடிகொடிகளைக் காயவைத்து, தடித்த வெள்ளைத் தாளில் ஒட்டி, எங்கே எப்போது எடுத்தது என்ற சீட்டை வலது மூலையில் பதித்து, இரும்பு அலமாரியில் அடுக்கிவைக்கிற இடம் அது. பத்தொன்பது வருஷமாக ஒட்டுகிற வேலை அவளுடையது. கொண்டுவருகிற வேலை அவள் புருஷனுடையது.

"அவர் பிய்ச்சிட்டு வருவார், நான் ஒட்டி வைப்பேன். எங்க குடும்பமும் அப்படித்தான் ஓடுது" என்று அவள் சொன்னால் அறையே சிரிக்கும்.

அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, நம்பர்காரர். வெட்டிய ஒவ்வொரு கிளையிலும் எண் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டிவிடுவார். அதே எண்ணுக்கு நேராகக் குறிப்பேட்டில் இடம், மண், பூவின் நிறம் எல்லாம் இருக்கும். எழுதாமல் விட்ட செடி மாட்டுக்குப் போடத்தான் லாயக்கு என்பார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரத்தில், காட்டாற்றில் வெள்ளம் அவரை அடித்துக்கொண்டு போனது. இரண்டாம் நாள் உடல் கிடைத்தது. கை கழுவ இறங்கிய இடத்தில் வழுக்கிவிட்டார் என்று கூடப் போன ஜீப் டிரைவர் விசாரணையில் சொன்னான். அவர் கடைசியாகக் கட்டிய கட்டு மட்டும் ஜீப்பின் பின்சீட்டில் ஒரு சொட்டு ஈரம் படாமல் வந்து சேர்ந்தது. செய்தித்தாள்களுக்கு நடுவே செடிகளை வைத்து, மேலும் கீழும் மரச்சட்டம் கொடுத்து இறுக்கிய கட்டு. அதை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை. பசையம்மாவின் மேஜைக்குப் பக்கத்து அலமாரியில், அடித்தட்டில் தள்ளிவைத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். வீட்டில் இருந்தால் சுவர்தான் பேச்சுத்துணை. இங்கே வந்தால் பசையாவது இருக்கிறது.

வந்த மூன்றாம் நாள்தான் அந்தச் சத்தம் கேட்டது. மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம். மின்விசிறி ஓடவில்லை. அடித்தட்டில் தாள் சரசரத்தது. யாரோ விரல்நுனியால் பக்கம் புரட்டுவது போல. பிறகு நின்றது. பிறகு மறுபடியும்.

எலி என்று நினைத்துப் பொறி வைத்தாள். எலி விழவில்லை. ஜன்னலைச் சாத்திப் பார்த்தாள். சத்தம் வரத்தான் செய்தது. வாரத்துக்கு ஒருமுறை, சில வாரம் இரண்டு முறை. யாரிடமாவது சொன்னால், "பாவம், புருஷன் போன ஏக்கம்" என்று முதுகுக்குப் பின்னால் உச்சுக்கொட்டுவார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அந்த அறையை விட்டு நகரவும் இல்லை.

மூன்றாம் மாதம் அவளே கட்டை அவிழ்த்தாள். ஒவ்வொரு தாளாகப் பிரித்தாள். இலைகள் பழுப்பேறித் தட்டையாகிக் கிடந்தன. கடைசித் தாள் மட்டும் உப்பியிருந்தது. பிரித்தவள் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

சீந்தில் கொடி. கட்டைவிரல் பருமனில் தண்டு, பூண்டுத்தோல் போல உரியும் பட்டை, மேலெல்லாம் பருப்பருவாகப் புள்ளிகள். அவர் அழுத்திவைத்த இதய வடிவ இலைகள் இரண்டும் செத்துச் சருகாகியிருந்தன. ஆனால் கணுவிலிருந்து ஒரு முளை, ரத்தமே இல்லாத வெள்ளையில், சாண் நீளத்துக்குக் கிளம்பியிருந்தது. தாள் மடிப்பைத் தடவிக்கொண்டே போய், விளிம்பை முட்டித் திறந்து, அலமாரிக் கதவின் இடுக்கில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றிருந்தது. நுனியில் துவரம்பருப்பு அளவில் இரண்டு இலைகள்.

"இது சதைப்பிடிப்பான தண்டும்மா" என்றார் அங்கே வந்த அதிகாரி. "லேசுல சாகாது. மரத்துல ஏறினத அடியில வெட்டிப் போட்டாலும், மேலயிருந்து நூல் மாதிரி வேரை இறக்கி மண்ணைப் புடிச்சிடும். அதனாலதான் வெந்நீர்ல ஒரு முக்கு முக்கிட்டுக் கட்டுவோம். அவர் மறக்கிற ஆளில்லையே..."

தண்டில் தொங்கிய அட்டையில் 2114 என்று இருந்தது. குறிப்பேடு 2113-உடன் முடிந்திருந்தது.

அதிகாரி தயங்கினார். "எங்க எடுத்ததுன்னே தெரியாம இதை ஒட்டி என்னம்மா செய்ய? போட்டுடலாம்."

"ரெண்டு நாள் குடுங்க சார்."

அவள் நேராக ஜீப் கொட்டகைக்குப் போனாள். டிரைவர் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தான். அவள் கையிலிருந்த அட்டையைப் பார்த்ததும் அவன் துணி நின்றது.

"தம்பி, இந்தக் கொடிய எங்க எடுத்தாரு?"

"அண்ணி..."

"கை கழுவப் போனவரு இதுக்கு நம்பர் போட்டிருக்காரு. குறிப்பு எழுதல. வெந்நீர் வைக்கல. அப்படி என்ன அவசரம்?"

அவன் ஜீப்பின் படியில் உட்கார்ந்துவிட்டான். "வழுக்கலை அண்ணி. அவராத்தான் இறங்கினாரு. ஆத்தோரத்துல ஒரு மரத்துல இந்தக் கொடி. இலையெல்லாம் உதிர்ந்து ஒண்ணு ரெண்டுதான் மிச்சம், மஞ்சளா பொடிப்பொடியா பூ. வெட்டி நம்பர் போட்டு, கட்டுக்குள்ள வெச்சு இறுக்கிட்டாரு. அப்புறம் மரத்துல மிச்சமிருந்த பூவைப் பாத்துட்டு, 'இது ஆண் கொடிடா'ன்னாரு. இதுல ஆண் தனி, பெண் தனியாம். ஆண்ல காய் வராதாம். எதிர்க்கரையில சிவப்பா பழம் கொத்தா தெரிஞ்சுது. அதான் பெண் கொடின்னாரு."

"நீ தடுக்கலையா?"

"தண்ணி ஏறுது அண்ணே, வேணாம்னு சொன்னேன். கேக்கல. சிரிச்சாரு. 'போன தடவ ஒத்தையா கொண்டு போயி வீட்டுல பேச்சு வாங்கினேன், இந்தத் தடவ ஜோடியாத்தான் போவேன்'னாரு. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? அதான் வழுக்கிட்டாருன்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. என்ன பேச்சு? எப்போது? மேஜைக்குத் திரும்பிப் பசைக்கிண்ணத்தைத் திறந்தபோது ஞாபகம் வந்தது. போன வருஷம், வீட்டில், அவருக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டிருந்தாள். "எப்பப் பாத்தாலும் ஆம்பளக் கொடியவே கூட்டிட்டு வர்றீங்களே, ஜோடியக் கண்ணுல காட்ட மாட்டீங்களா?" வாய் சும்மா இருக்காமல் சொன்ன ஒரு பேச்சு. அவளுக்குக் கை அலம்புவதற்குள் மறந்துபோனது. அவர் அதை ஆறு வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறார்.

அன்று சாயங்காலம் பசை காய்ச்சும் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். கொதி வந்ததும் தண்டை இரண்டு கையாலும் பிடித்து இறக்கினாள். வெள்ளை முளை கண்மூடித் திறப்பதற்குள் துவண்டு தொங்கியது. அதையும் வெட்டாமல், தண்டோடு சேர்த்தே அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டினாள். சீட்டை அவளே எழுதினாள். டிரைவர் சொன்ன ஆறு, மரம், பூவின் நிறம், தேதி. கீழே குறிப்பு என்ற இடத்தில் ஒரு வரி. அதிகாரி படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

இனி சத்தம் கேட்காது என்றுதான் நினைத்தாள். மறுவாரம் மத்தியானம், காலியான அடித்தட்டில் தாள் சரசரத்தது.

அவள் திறந்து பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, சத்தம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அதே மேஜையில் வேலை செய்தாள். மேஜையை மாற்றித் தருகிறோம் என்றபோதும் வேண்டாம் என்றுவிட்டாள். வேலை மாறவில்லை, கையும் தளரவில்லை. வேடிக்கைப் பேச்சு மட்டும் நின்றுபோனது. புதிதாக வந்தவர்கள் அவளை உம்மணாமூஞ்சி என்று நினைத்தார்கள்.

எப்போதோ வேலையை விட்டுப் போயிருந்த டிரைவர், அந்த ஒன்பதாம் வருஷம் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தான். தலை நரைத்திருந்தது. டீ குடித்தான், மகள் கல்யாணம் பற்றிச் சொன்னான், முழங்கால் வலியைச் சொன்னான். எழுந்திருக்கும்போதுதான் கேட்டான்.

"அந்தத் தாள் இருக்கா அண்ணி?"

அலமாரியைத் திறந்து எடுத்து மேஜையில் வைத்தாள். அவன் குனிந்து பார்த்தான். "கண்ணாடி கொண்டு வரல. என்ன எழுதியிருக்கீங்க?"

அவள் விரல் வைத்து, கடைசி வரியை வாசித்தாள். "பெண் கொடி எதிர்க்கரையில் பழத்துடன் காணப்பட்டது. சேகரிக்கப்படவில்லை."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் தம்பி. சீட்டு சின்னது."

அவன் தலையாட்டினான். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கிப் போனான்.