பிரவுனோட டர்ன்

வெள்ளை முயலைக் கொண்டுபோக வேண்டிய காலையில் எனக்கு எரிச்சல்தான் இருந்தது. துக்கம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. டெல்லி ஜனக்புரியில் பனியும் புகையுமாக எதிர் பிளாக்கே தெரியவில்லை. ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டேன். பல் தேய்த்தேனா என்று நினைவில்லை.

வெள்ளைக்குத் தாடையில் கட்டி. பல் வேரில் சீழ் பிடித்து எலும்புவரை போயிருந்தது. ஆபரேஷன் செய்தும் திரும்ப வந்துவிட்டது. முயல் சாப்பிடாமல் இருந்தால் குடல் நின்றுபோகுமாம், அதனால் சிரிஞ்சில் கூழ் ஊட்டினோம். பிறகு அதையும் துப்ப ஆரம்பித்தது. முந்தின நாள் டாக்டரம்மா, "ஔர் தக்லீஃப் மத் தீஜியே, சுலா தேதே ஹைன்" என்றார். இனியும் கஷ்டப்படுத்த வேண்டாம், தூங்க வைத்துவிடலாம் என்று. அதை மனைவியிடம் தமிழில் எப்படிச் சொல்வது? பேப்பரில் போடுகிற 'கருணைக்கொலை' என்ற வார்த்தையில் கொலை இருக்கிறது. "நாளைக்கு ஊசி" என்றேன். புரிந்துகொண்டாள். "நான் வரலீங்க, என்னால ஆகாது" என்று குக்கரை ஏற்றப் போய்விட்டாள்.

காலையில் பார்த்தால், மகள் கூடையில் பிரவுனையும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். வந்த நாளிலிருந்து வெள்ளையோடு ஒட்டிக்கொண்டே திரிகிற முயல் அது.

"இது எதுக்கு? கல்யாணத்துக்கா போறோம், ஜோடியா கூட்டிட்டுப் போக?" என்று கத்தினேன்.

"டாக்டர் தீதி நேத்தே சொன்னாங்கப்பா, நீங்கதான் கேக்கல. வெள்ளை போனதக் கண்ணால பாக்கலைன்னா தேடிட்டே இருக்குமாம். சாப்பிடாதாம். அப்புறம் இதுவும்..."

சாப்பிடாத முயல் என்ன ஆகும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காரை எடுத்தேன். அவள் கையில் ஒரு கொத்தமல்லிக் கட்டு. வெள்ளைக்காம். "லாஸ்ட்ல ஒரு தண்டாவது தின்னா?" என்றாள்.

கூடைக்குள் பிரவுன் வெள்ளையின் நெற்றியை நக்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் தினமும் சாயங்காலம் சோபா அடியில் இதே வேலைதான். ஒன்று நக்கிவிடும். முடிந்ததும் தலையைத் தாழ்த்தி மற்றதன் தாடைக்கடியில் நுழைத்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருக்கும். மகள் பக்கத்தில் படுத்துக்கொண்டு கமென்ட்ரி கொடுப்பாள்: "இப்ப வெள்ளை டர்ன். இப்ப பிரவுனோட டர்ன்." நியூஸ் கேட்க விடமாட்டாள்.

கிளினிக்கில் வெள்ளையை என் மடியில், துண்டு மேல் வைத்தார்கள். மகள் கொத்தமல்லியை மூக்கருகே நீட்டினாள். முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. முதல் ஊசியில் தூங்கிப்போனது. இரண்டாவது ஊசியின்போது நான் காரைப் பூட்டினேனா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தியமாக அதைத்தான் யோசித்தேன். டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துவிட்டு, "ஹோ கயா" என்றார், முடிந்துவிட்டதாம். மடி இன்னும் சூடாகத்தான் இருந்தது.

வெள்ளையை மேஜையில் கிடத்தி, பக்கத்தில் பிரவுனை விட்டார்கள். முகர்ந்தது. சுற்றி வந்தது. நெற்றி, காது, கண்ணோரம் எல்லாம் நிதானமாக நக்கியது. பிறகு தலையைத் தாழ்த்தி வெள்ளையின் தாடைக்கடியில் நுழைத்துக்கொண்டு அசையாமல் இருந்தது.

மகள் வாயே திறக்கவில்லை. நான் விரலால் பிரவுனின் நெற்றியைத் தடவினேன். மூக்கால் என் கையைத் தள்ளிவிட்டு மறுபடி தலையை அங்கேயே வைத்தது.

"கோயி ஜல்தி நஹீ", அவசரமே இல்லை என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா வெளியே போனார்.

எவ்வளவு நேரம் நின்றோமோ தெரியாது. கடைசியில் பிரவுன் தானாகவே தலையை எடுத்தது. காதை உதறியது. மேஜை ஓரத்தில் கிடந்த கொத்தமல்லிக் கட்டிலிருந்து ஒரு தண்டை இழுத்துக் கறுக் கறுக்கென்று மெல்ல ஆரம்பித்தது.

"அப்பா, சாப்பிடுது!" என்றாள் மகள். சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள்.

இதற்காகத்தான் அதைக் கூட்டிவந்தோம். ஆனாலும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அது வெள்ளைக்கு வாங்கினது என்று சொல்ல வாயைத் திறந்தேன். இன்னொரு தண்டை உருவி அதன் முன்னால் வைத்தேன்.