புது ஸ்டிக்கருக்குள் பழைய பேட்டரி

பல்லடத்தில் கோழிப்பண்ணை வைத்திருக்கும் நான், ஆசைக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினேன். அதன் பேட்டரி சாதாரண கார் பேட்டரியைவிடப் பல மடங்கு விலை. பள்ளித் தோழன் செந்திலின் ஒர்க்‌ஷாப்பில் புதிது மாட்டினேன்.

அடுத்த மாதம் தாராபுரம் சாலையில், தூங்கிய மகளைக் காருக்குள் பூட்டிவிட்டு இளநீர் வாங்கப் போனேன். திரும்பினால் பேட்டரி செத்திருந்தது, பேட்டரியால் மட்டுமே இயங்கும் கதவு திறக்கவில்லை. வெயிலில் அவள் கண்ணாடியைத் தட்டி அழுதாள்.

"தள்ளுங்க!" என்று இளநீர்க்காரர் அரிவாளால் பின்கண்ணாடியை உடைத்தார்.

பிறகு காரைப் பார்த்த கோவை மெக்கானிக் பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்தபோது அடியில் பல வருடம் முந்தைய தேதியோடு பழைய ஸ்டிக்கர் இருந்தது. செந்திலிடமே கேட்டேன்.

"எப்பவாச்சும்தானே ஓட்டறே, தெரியாதுன்னு மாட்டிப்போட்டேன்" என்றான்.

இப்போது மகளைக் காரில் தனியே விடுவதில்லை. ஒர்க்‌ஷாப்பில் வேலை முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறேன். தெரிந்தவர் கடையென்றால் இன்னும் நெருங்கி நிற்கிறேன்.